போத்தலண்ணையின் இடுப்பு உறை

ஒஸ்லோ நகரத்தில் அன்றைக்கு வாழ்ந்த இத்தனை லட்சம் சனங்களுக்குள் உண்மையான நிம்மதியோடு வாழ்ந்த மனிதர் ஒரேயொருவர்தான். அவர் போத்தலண்ணை. அரண்மனையில் இருந்த ராசாவுக்குக்கூட அந்த நிம்மதி கிடைத்திருக்காது. அதனால்தான் அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகளே, பொறாமை கூடாது என்று உங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றி அப்பாவுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று நீங்கள் ஒருவரும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

புதிய நூற்றாண்டு பிறந்து மூன்று நாலு வருடம் இருக்கும். நாங்கள் நகரத்தின் கிழக்கே ட்வெய்ட்டாவில் குடியிருந்தோம். நான் வேலை செய்தது ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, வைத்தியர்களின் பச்சை அங்கி எல்லாம் லொறி லொறியாக வரும். துவைத்துக் காயவைத்து மடித்து அனுப்புவோம். எனக்கு மடிக்கிற மெசின். போத்தலண்ணைக்கு மூலையில் ஒரு தையல் மெசின். கிழிந்ததைத் தைப்பதும் எங்கள் சீருடைகளைத் திருத்துவதும் அவர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அளவான தொந்தி. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை எழுதமாட்டேன். எழுதினாலும் அவரை அறிந்த ஒருவருக்கும் ஆள் விளங்காது.

எங்கள் ஷேஃப், அதாவது மேலாளர், நெடிய ஒரு நோர்வேஜியப் பெண்மணி. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு பிரசங்கம் வைப்பார். இந்தக் கட்டடத்துக்கு இரண்டு பக்கம்: அசுத்தப் பக்கம், சுத்தப் பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கறையைக் கண்டால் துடைக்கக்கூடாது. துடைத்தால் கறை பரவும். கறையைக் கழுவ வேண்டும். தண்ணீர்தான் சுத்தம். இதை விரலை உயர்த்திச் சொல்வார். நாங்களும் தலையை ஆட்டுவோம்.

அப்படிப்பட்ட இடத்தின் கழிப்பறைக்குள் போனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கடதாசி மட்டும். கை கழுவும் தொட்டி கதவுக்கு வெளியே, கன்ரீனைப் பார்த்தபடி. நீங்கள் சிரிப்பீர்கள். கைக்குழாய் பூட்டிய குளியலறையில் வளர்ந்தவர்கள் சிரிக்கலாம்.

ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கன்ரீனில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும் முப்பது பேருக்கு நடுவே, கையில் போத்தலோடு கழிப்பறைக்குள் நடந்துபோக ஒரு நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. சட்டைப்பையில் ஒளிக்கலாம் என்றால் சீருடையில் பை கிடையாது. பேனாவும் சில்லறையும் விரிப்புகளுக்குள் விழுகின்றன என்று எல்லாப் பைகளையும் தைத்து மூடச் சொல்லியிருந்தார்கள். தைத்து மூடியவர் போத்தலண்ணையேதான்.

ஆகவே நான் கண்ட வழி, வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமலும் அதிகம் சாப்பிடாமலும் இருப்பது. காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை நான் ஒரு ஒட்டகம். பிறகு தே-பானா என்னும் நிலத்தடி ரயிலில் இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கதவைத் திறந்ததும் சப்பாத்தோடு குளியலறைக்குள் ஓடுவேன். உங்கள் அம்மா அதைக் கோபம் என்று நினைத்திருந்தா.

போத்தலண்ணையோ எட்டு மணிக்கு ஒரு கோப்பை, பத்து மணிக்கு இரண்டு கோப்பை என்று மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிப்பார். குடித்து முடித்ததும் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு 'ஆ' வரும். பிறகு எழுந்து, வெறுங்கையோடு கழிப்பறைக்குள் போவார். ஐந்து நிமிடத்தில், குளித்துத் திருநீறு பூசிய மனிதர் போல வெளியே வருவார். இன்னொருவன் பச்சைத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்தாலும் விடுதலை இல்லை. அவர் பக்கத்துக் கட்டடத்தில்தான் குடியிருந்தார். உங்கள் அம்மா யன்னலால் பார்த்துவிட்டுச் சொல்லுவா:

"இஞ்சாருங்கோ, அந்த அண்ணைக்கும் உங்கடை வேலைதானே. முகம் எப்பிடித் தெளிவாய் இருக்கு பாருங்கோ. நீங்கள் மட்டும் ஏன் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி வாறியள்?"

"அந்த மாமா எப்பவும் சிரிச்சுக்கொண்டு வாறார், அப்பா," என்பாள் உங்கள் மூத்த அக்கா.

அவருடைய இரகசியம் எனக்கு வெளித்தது ஒரு திங்கட்கிழமை காலை, தே-பானாவில். ரயில் சடாரென்று பிறேக் போட்டது. நின்றுகொண்டிருந்த போத்தலண்ணை விழாமல் இருக்க மேலே கம்பியைப் பிடித்தார். கை உயர, கோட்டுக்குள் கக்கத்திலிருந்து அரை லீற்றர் தோடம்பழச் சாறுப் போத்தல் ஒன்று நழுவி விழுந்து, உருண்டு, ஒரு நோர்வேஜியக் கிழவியின் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். போத்தலண்ணை நன்றி சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"என்ன அண்ணை, கக்கத்துக்குள்ளை போத்தல்?"

"மெல்லக் கதையும் ஐசே."

"தண்ணியோ?"

"தண்ணிதான். நீர் நினைக்கிற தண்ணி இல்லை. பச்சைத் தண்ணி."

"குடிக்கவோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாத் தண்ணியும் குடிக்கிறதுக்கோ?"

விளங்கிவிட்டது. அந்த நிமிடம் நான் கேட்டிருக்க வேண்டியது, 'அண்ணை, எனக்கும் ஒரு வழி சொல்லுங்கோ' என்பது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இதென்ன சின்னப்பிள்ளை வேலை. எனக்கு உதெல்லாம் பழக்கமில்லை."

"ஓ," என்றார். "நீர் வேறை பிறவி."

பிறகு தன் கஷ்டங்களைச் சொன்னார். முதலில் குதிக்காலுக்கு மேலே துணியால் கட்டினாராம். நொண்டி நொண்டி நடந்ததைக் கண்ட ஷேஃப் இவரை வைத்தியரிடம் அனுப்பிவிட்டாராம்.

"டொக்டர் சப்பாத்தைக் கழட்டச் சொன்னார்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"குளிர் எண்டு சொன்னன். வைகாசி மாசம்."

பிறகு முன் பக்கம், தொப்புளுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். குனிந்தால் தொந்தியைக் குத்தியது. அதற்குப் பிறகுதான் கக்கம். அதன் கதை இப்போது ரயில் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

"இதுக்கு முறையான ஆக்களிட்டைக் கேக்கவேணும்," என்றார்.

"ஆர் முறையான ஆக்கள்?"

"கோட்டுக்குள்ளை சாமான் கொண்டு திரியிற ஆக்கள். துவக்குக்காரர்."

பயப்படாதீர்கள். இது பொலிசே துவக்கைக் காருக்குள் பூட்டிவிட்டு வெறும் இடுப்போடு நடக்கும் நாடு. ஆனால் வேட்டைக்காரர்கள் உண்டு. அவர்களுக்கென்று நகரத்துக்குள் ஒரு கடையும் உண்டு. சனிக்கிழமை என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நிறுத்தி, என்னத்துக்கு என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று பிள்ளையார் மேல் கையடித்துச் சத்தியம் வாங்கினார்.

கடைக்காரர் செந்தாடி வைத்த பெரிய மனிதர். நான் சத்தியத்தையும் மீறாமல், உண்மையையும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

"இவருக்கு ஒரு உறை வேண்டும். கோட்டுக்கு உள்ளே. ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கொண்டுபோவார்."

கடைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "உறைக்குள் என்ன வைப்பார்?"

"சொல்ல முடியாது. சத்தியம் செய்திருக்கிறேன்."

அவர் போத்தலண்ணையின் பக்கம் திரும்பினார். "ஆயுதமா?"

போத்தலண்ணையிடம் ஒரு பழக்கம். விளங்காத கேள்வி எதற்கும் சிரித்துக்கொண்டு 'யா, யா' என்பார். நோர்வேஜிய மொழியில் அது 'ஓம், ஓம்'. பத்து வருடத்தை அந்த ஒரு சொல்லால் ஓட்டியிருந்தார்.

"யா, யா."

கடைக்காரரின் கை மெல்ல ரெலிபோனை நோக்கிப் போனது.

"அண்ணை, எடுத்துக் காட்டுங்கோ," என்றேன்.

அவர் கோட்டுக்குள் கையை விட்டார். கடைக்காரர் மேசைக்குக் கீழே பாதி மறைந்தார். வெளியே வந்தது தோடம்பழச் சாறுப் போத்தல்.

"வன்?" என்றார் கடைக்காரர், மேசைக்குக் கீழே இருந்தபடி. வன் என்றால் அவர்கள் மொழியில் தண்ணீர்.

"யா, யா," என்றார் போத்தலண்ணை. இந்தத் தடவை விளங்கித்தான் சொன்னார்.

உயிர் தப்பிய சந்தோசத்திலோ என்னவோ, அந்த மனிதர் எங்களுக்காக ஒரு மணித்தியாலம் செலவழித்தார். அவர் துப்பாக்கி சுடும் கழகத்தில் இருந்தவராம். துப்பாக்கியோ போத்தலோ, உடம்பு ஒன்றுதான் என்றார். உறையை நின்று பார்த்து வாங்கக்கூடாது. இருந்து பார்க்க வேண்டும், குந்திப் பார்க்க வேண்டும், குனிந்து சப்பாத்துக் கட்டிப் பார்க்க வேண்டும். இடுப்பு எலும்புக்கு மேலே வைத்தால் புண். எலும்புக்குக் கொஞ்சம் பின்னே வைத்தால் சுகம். உடம்பில் படும் பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும். வாய் மட்டும் விறைப்பாக இருக்க வேண்டும், ஒரு கையாலேயே திருப்பி வைப்பதற்கு. எல்லாவற்றிலும் முக்கியம் பெல்ற். மெல்லிய பெல்ற் என்றால் உறை தொங்கும். தொங்கினால் கை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். மறைத்து வைத்தவனை உறை காட்டிக் கொடுப்பதில்லை, அவன் கைதான் காட்டிக் கொடுக்கும்.

இதையெல்லாம் வேர்த்து விறுவிறுத்து மொழிபெயர்த்தது நான். போகும்போது கடைக்காரர் கைகுலுக்கியது போத்தலண்ணைக்கு. என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

போத்தலண்ணை பெல்றை மட்டும் வாங்கினார். உறையைத் தானே தைத்தார். வீச வைத்திருந்த பச்சை அங்கித் துணியைக் கேட்டு வாங்கி, அதற்கு உள்ளே கிழிந்த ஆஸ்பத்திரிக் கம்பளிப் போர்வையை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தார். கம்பளி எதற்கு என்று கேட்டேன்.

"காலமை சுடுதண்ணி விட்டால் மத்தியானம் வரைக்கும் இளஞ்சூடாய் இருக்கும்."

பிள்ளைகளே, ஒஸ்லோவின் தை மாதத்தை நீங்கள் அறிவீர்கள். வெளியே எல்லாம் விறைத்துக் கிடக்கிறது. உள்ளே ஒரு மனிதருக்கு இளஞ்சூட்டில் தண்ணீர். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் உறை நிபுணராகிவிட்டார். அப்போது எல்லா ஆண்களும் கைத்தொலைபேசியை இடுப்பில் கொழுவித் திரிந்த காலம். ரயிலில் எதிரே இருப்பவரைக் காட்டி, "பாரும், பெல்ற் மெல்லிசு. பின்னேரம் இடுப்பு நோகும், பாவம்," என்பார். ஒரு நாள் இறங்கப்போன ஒருவரை மறித்து, தொலைபேசியை எலும்புக்குப் பின்னே தள்ளிவிட்டார். அந்த மனிதரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு யாரும் அப்படி நன்றி சொன்னதில்லை.

என் பொறாமை ஒரு நாள் வாய்வழியே வெளியே வந்தது. கன்ரீனில் பத்துத் தமிழர் இருந்தோம். ஷேஃப் வந்து, காலை அணிக்கு ஒரு பொறுப்பாளர் தேவை, அநேகமாகத் தையல்காரரைத்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கழிப்பறையிலிருந்து பளபளவென்று வந்தார்.

"போத்தலண்ணை வாறார், வழிவிடுங்கோ," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் போத்தல் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தமிழருக்குப் போத்தல் என்றால் ஒரு அர்த்தம்தானே. சாராயத்தைக் கையாலும் தொடாத அந்த மனிதருக்கு அன்றிலிருந்து அதுதான் பெயர்.

பெயர் ஷேஃபின் காதுக்கும் போனது. திருகோணமலைச் செல்வியக்கா எங்களுக்குள் நன்றாக நோர்வேஜியன் கதைப்பவர். ஏன் எல்லோரும் அவரை அப்படிக் கூப்பிடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஷேஃப் அவரிடம் கேட்டிருக்கிறார். செல்வியக்கா சூதுவாது இல்லாமல் போத்தல் என்று மொழிபெயர்த்துவிட்டார். ஷேஃப் யோசித்துப் பார்த்திருக்கிறார். ஒரு காலத்தில் இந்த ஆள் தள்ளாடி நடந்தது. வைத்தியரிடம் சப்பாத்தைக் கழற்ற மறுத்தது. கோட்டுக்குள் ஒரு புடைப்பு. நாளுக்கு மூன்று தரம் கழிப்பறை. போகும்போது ஒரு முகம், வரும்போது ஆனந்தமாய் இன்னொரு முகம். எல்லாம் பொருந்தியது.

கூப்பிட்டுக் கேட்டார். போத்தலண்ணை அந்த ஒரு நாள்தான் 'யா, யா' சொல்லவில்லை. அது தன் சொந்த விசயம், காட்டமுடியாது என்றுவிட்டார். ஒரு பெண்மணிக்கு முன்னால் எப்படிக் காட்டுவது? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்றார் ஷேஃப். அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, அவர் போனால் காலை அணி உனக்கு என்றார்.

மறைக்கமாட்டேன். நான் சந்தோசப்பட்டேன். ஒரு முழு நாள் சந்தோசப்பட்டேன். சத்தியம் செய்திருக்கிறேனே, எப்படி வாயைத் திறப்பது என்று பிள்ளையாரையும் துணைக்குக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணி இடைவேளை. போத்தலண்ணை வந்து எதிரே இருந்தார். சந்தேகப்படுகிறார்கள் என்று உறையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். தண்ணீர்ச் சாடியை எட்டி எடுத்தார். பிறகு அப்படியே வைத்துவிட்டார். உதடு காய்ந்திருந்தது. இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அது என்னுடைய முகம். ஆறு வருடமாக நான் கண்ணாடியில் பார்க்கும் அதே வேப்பெண்ணெய் முகம். அந்த முகத்தை அவரிடம் ஒரு நாள் பார்க்கவேண்டும் என்று எத்தனை தரம் ஆசைப்பட்டிருப்பேன். பார்த்தபோது தாங்க முடியவில்லை. எழும்பி ஷேஃபின் அறைக்குப் போனேன்.

"அவர் குடிப்பதில்லை," என்றேன்.

"பிறகு ஏன் அந்தப் பெயர்?"

"பெயர் வைத்தது நான். பொறாமையில் வைத்தேன்."

"போத்தலுக்குள் என்ன?"

"தண்ணீர்."

"தண்ணீரை ஏன் ஒளிக்க வேண்டும்?"

அங்கே என் நோர்வேஜியன் முடிந்துவிட்டது. என்னிடம் இருந்ததெல்லாம் சலவைச் சொற்கள்: மெசின், விரிப்பு, கறை, சுத்தம், அசுத்தம். இருந்ததை வைத்துத்தானே கதைக்க வேண்டும்.

"இந்தக் கட்டடத்துக்குச் சுத்தப் பக்கம், அசுத்தப் பக்கம் என்று இருக்கிறது."

"ஆம்."

"மனிதனுக்கும் அப்படி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கறையைத் துடைக்கக்கூடாது, கழுவ வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

"ஆம்."

"கழிப்பறையில் கடதாசிதான் இருக்கிறது."

கழுத்திலிருந்து தொடங்கி, மெல்ல மெல்ல மேலேறி, காது வரைக்கும் அவர் சிவந்தார். யன்னலைப் பார்த்தபடி, "உங்கள் எல்லோருக்குமா?" என்று கேட்டார்.

"எல்லோருக்கும்."

"நீ எப்படிச் சமாளிக்கிறாய்?"

"நான் தண்ணீர் குடிப்பதில்லை. ஆறு வருடமாக."

"ஹெர்ரெகுட்," என்றார். நோர்வேஜியர்கள் கடவுளைக் கூப்பிடும் சொல் அது.

திங்கட்கிழமை கழிப்பறைக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் இருந்தது. அதன் கீழே, சவர்க்காரத் தூள் அளக்கும் நீலக் குவளை. அறிவித்தல் ஒன்றும் ஒட்டவில்லை. அது பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் குவளை என்று நினைத்து ஒரு நோர்வேஜியப் பெண் பூச்சாடி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார். அந்தக் கன்று நன்றாகத் தழைத்தது.

போத்தலண்ணை மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சத்தியத்தை உடைச்சுப் போட்டீர்."

"ஓம் அண்ணை."

"அந்த மனுசி இப்ப என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. கூரையைப் பாத்துத்தான் கதைக்குது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பேர் வைச்சதும் நான்தான்."

"அது எனக்கு முதல் நாளே தெரியும். வேறை ஆருக்கு என்னிலை அவ்வளவு எரிச்சல்?"

குனிந்து, மெசினுக்குக் கீழேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பச்சைத் துணி உறை. உள்ளே கம்பளி, இரண்டு மடிப்பு.

"போன மாசியிலை தைச்சது. நீர் கேப்பீர், கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"என்ரை இடுப்பு அளவு எப்பிடித் தெரியும்?"

"உம்மடை சீருடையை ஆர் தைக்கிறது? வருசத்துக்கு வருசம் ஒடுக்கிக்கொண்டு வாறன். தண்ணியில்லை, சாப்பாடில்லை. கேக்கிறதுக்கு ஒரு வாய் மட்டும் இல்லை."

"அதுதான் இப்ப குழாய் வந்திட்டுதே, அண்ணை."

"குழாய்த் தண்ணி குளிர் ஐசே. கட்டும்."

கட்டினேன். கண்ணாடியைத் தேடினேன். "நிண்டு பாக்காதையும். இருந்து பாரும்," என்றார். கன்ரீனுக்குப் போய், கதிரையில் இருந்து பார்த்தேன். எலும்புக்குக் கொஞ்சம் பின்னே, இருப்பதே தெரியாமல் இருந்தது.

அந்த மாதமே காலை அணியின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. எனக்குப் பொறாமை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் உறை கட்டிய அன்றைக்கு, அந்தக் கதிரையில் இருந்தபடி, ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பத்து மணிக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தேன். போத்தலண்ணை எதிரே இருந்து மூன்றாவது கோப்பையை நிரப்பி என் பக்கம் தள்ளிவிட்டார்.